பாட்டி இறந்தபோது அழுகை வரவில்லை

கேள்வி:

மேடம், வணக்கம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 6 வருடமாக ஐ.சி.யூ. நர்ஸாக இருக்கிறேன். வயது 29. மாதத்தில் 10, 12 நாள் நைட் டியூட்டி. இரவு 8 மணிக்குப் பொறுப்பு எடுத்தால் காலை 8 மணிக்குத்தான் அடுத்தவரிடம் கொடுக்க முடியும். ஒரு ஆள் வரவில்லை என்றால் வென்டிலேட்டரில் இருக்கும் 3 பேரை ஒருத்தியே பார்க்க வேண்டியிருக்கிறது. போன மாதம், 19 நாள் எங்களிடம் இருந்த ஒரு பாட்டி அதிகாலை நாலரை மணிக்கு இறந்துவிட்டார். நினைவோடு இருந்த நாட்களில் என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். மகன் வந்து, "எல்லாரும் சேந்து கொன்னுட்டீங்க" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பாட்டியைத் துடைத்து, தலைவாரிப் பின்னி, அனுப்பிவைத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அடுத்த அட்மிஷனுக்கு பெட் ரெடியா என்று போன் வந்தது. ரெடி செய்தேன். வீட்டுக்கு வந்ததும், 5 வயது மகள் பாலைக் கொட்டிவிட்டாள் என்று அவளை அடித்துவிட்டேன். அப்புறம் குளியலறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். இப்போதெல்லாம் பேஷண்ட் பெயரே மனதில் நிற்பதில்லை, பெட் நம்பர்தான். டியூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறது. தியானம் செய் என்கிறார்கள். உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. என் இரக்கமெல்லாம் வற்றிவிட்டதா? வேலையை விட்டுவிடுவதுதான் சரியா?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

நானும் 33 வருடம் அரசு மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்தவள். கடைசி 11 வருடம் மனநலப் பிரிவில். ஓய்வுபெற்ற பிறகு நர்ஸுகளுக்கு ஆலோசனை சொல்வதையே வேலையாக வைத்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் முதலில் என் கண்ணில் பட்டது. பாட்டிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உடலை ஒப்படைக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்ததில் பின்னல் கிடையாது. குழாய்களை எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், தாடையைக் கட்ட வேண்டும், அடையாளச் சீட்டைக் கட்ட வேண்டும். இரவு முழுக்க நின்ற காலோடு, வெளியே மகன் கத்திக்கொண்டிருக்க, அடுத்த அட்மிஷனுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்க, நீங்கள் எங்கிருந்தோ ஒரு சீப்பைத் தேடி எடுத்திருக்கிறீர்கள். 19 நாள் படுக்கையில் கிடந்த தலை எப்படிச் சிக்குப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பிரித்து வாரப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். இரக்கம் வற்றியவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில். அழுகை ஏன் வரவில்லை என்பது வேறு விஷயம். அதைப் பார்ப்போம்.

1950-களின் இறுதியில் லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையில், பயிற்சி நர்ஸுகளில் மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். தன் நர்ஸிங் பணி அமைப்பில் இருந்த சிக்கலை ஆராய இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளரை அந்த மருத்துவமனை அழைத்தது. அங்கே நர்ஸுகள் நோயாளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் "10-ம் பெட் லிவர்", "15-ம் பெட் நிமோனியா" என்று சொல்வதை அவர் கவனித்தார். இது கல்நெஞ்சம் என்று அவர் எழுதவில்லை. நாள் முழுக்க வலியையும் சாவையும் தொட்டுக்கொண்டே இருக்கும் மனம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டுகிற சுவர் என்று எழுதினார். மருத்துவமனையின் வேலைமுறையே அந்தச் சுவரைக் கட்டித் தருகிறது என்றும் சொன்னார்: ஒரு நோயாளியோடு ஒட்ட விடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, அடிக்கடி இடம் மாற்றுவது, அழுதால் "இதுக்கெல்லாம் அழலாமா" என்று அதட்டுவது. அவர் கண்டதில் எனக்கு மிகவும் வலித்தது இன்னொன்று. இந்த வேலைமுறை அதிகமாகப் பாதித்ததும், வேலையை விட்டுப் போக வைத்ததும், பக்குவமும் அக்கறையும் கூடுதலாக இருந்த பெண்களைத்தான்.

ஆக, பெட் நம்பர் மட்டும் நினைவில் நிற்கிறது என்றால் உங்கள் மனம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாலரை மணிக்கு நீங்கள் உடைந்து அழுதிருந்தால் மற்ற இரண்டு வென்டிலேட்டரையும் யார் பார்த்திருப்பார்கள்? அழுகையை ஒத்திப்போட்டது சரிதான். ஒத்திப்போட்டதை எடுத்து வைக்க ஒரு இடமோ நேரமோ உங்களுக்குக் கிடைக்காததுதான் சிக்கல். அது வீட்டுக்குப் போய், பால் டம்ளர் கவிழ்ந்ததும் வெளியே வந்துவிட்டது.

என் கதை ஒன்று சொல்கிறேன். 1980-களின் கடைசியில் நான் தீக்காய வார்டில் இருந்தேன். அப்போதெல்லாம் மண்ணெண்ணெய் ஸ்டவ், சேலை, புகுந்த வீட்டுச் சண்டை என்று ஒவ்வொரு வாரமும் இளம்பெண்கள் வருவார்கள். முதல் நாள் பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், "பிழைச்சுக்குவேனா சிஸ்டர்" என்பார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றாமல் போனது. வீட்டில் கறி சமைத்தால் மட்டும் வாந்தி வரும். எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். யாராவது இறந்தால், திரையை இழுத்துவிட்டு, அருகில் இருக்கும் எங்களையும் ஆயாவையும் கூப்பிட்டு, கட்டிலைச் சுற்றி நிற்க வைப்பார். அந்தப் பெண்ணின் பெயரை ஒருமுறை சொல்வார். ஒரு நிமிடம்கூட இருக்காது. "சரி, வேலையைப் பாருங்க" என்பார். அவ்வளவுதான். எனக்கு முதலில் அது புரியவில்லை. கொஞ்ச நாளில், அப்படி நின்ற நாட்களில் வீட்டுக்குப் போய்த் தூங்க முடிகிறது என்பதைக் கவனித்தேன்.

பல வருடம் கழித்து, அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற நர்ஸ் இதையே செய்கிறார் என்று படித்தேன். உயிரைக் காப்பாற்றும் முயற்சி தோற்ற பிறகு, யாரும் கிளம்பும் முன், எல்லோரும் சில நொடி அமைதியாக நிற்பார்கள். இறந்தவருக்கும் ஒரு மரியாதை, தாங்களும் பட்ட பாட்டுக்கு ஒரு மரியாதை. அது 'தி பாஸ்' (The Pause, சற்று நிற்பது) என்ற பெயரில் பல மருத்துவமனைகளுக்குப் பரவியிருக்கிறது. எங்கள் மூத்த சிஸ்டருக்கு அப்படி ஒரு பெயர் வைக்கத் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் இதை நாளைக்கே தொடங்கலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். டாக்டர் இறப்பை அறிவித்ததும், குழாய்களில் கைவைக்கும் முன், அவர் பெயரை மெல்லச் சொல்லி முப்பது நொடி நில்லுங்கள். கூட இருக்கும் சிஸ்டரையும் கூப்பிடுங்கள். பெட் ரெடியா என்ற போன் முப்பது நொடி காத்திருக்கும்.

இனி தூக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன். என்னிடம் வரும் நர்ஸுகளில் பாதிப்பேருக்கு, மனதைப் பற்றிப் பேசும் முன் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தியானத்தில் தூக்கம் வருகிறது என்றால் உங்கள் உடம்பு தூக்கம்தான் கேட்கிறது. தியானத்தை இப்போதைக்கு விடுங்கள்; அந்த நேரத்தில் தூங்குங்கள்.

1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03 சதவீதம். நீங்கள் நண்பகலில் எழுந்து டியூட்டிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், காலை 8 மணிக்கு 20 மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த நிலையில் எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள்? ஸ்கூட்டி என்றால், நைட் முடித்த காலையில் அதை ஓட்டாதீர்கள். பஸ்ஸில் போங்கள், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருத்துவமனையிலேயே அரை மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

அதிகாலை 3 முதல் 5 வரை உடம்பின் சூடு இறங்கி, மூளை மந்தமாக இருக்கும் நேரம். மருந்துக் கணக்குத் தப்புவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் இன்சுலினோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினோ போடும்போது இன்னொருவரை வாய்விட்டு வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் 2 மணி வாக்கில் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் கண்ணயருங்கள். இருபதுக்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். டீ, காபி நள்ளிரவு 2 மணிக்கு மேல் வேண்டாம். குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. அப்புறம் தண்ணீர். பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் சிஸ்டர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்து, சிறுநீர்த் தொற்றோடு டியூட்டி பார்த்திருக்கிறேன். பாட்டிலைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

வீட்டில்தான் பெரிய போராட்டம் என்று எனக்குத் தெரியும். நைட் முடித்து வரும் பெண் பகலில் படுத்தால், "பகல்ல என்ன தூக்கம்" என்று ஒரு குரல் வரும். உங்கள் மாமியாரோ அம்மாவோ அப்படிச் சொல்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கணவரை உட்கார வைத்து ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேசுங்கள்: நைட் முடித்த நாளில் காலை 9 முதல் 2 மணி வரை சமையல், பள்ளிக்கூடம், கூரியர், சொந்தக்காரர் போன் எதுவும் உங்களுடையது இல்லை. ஜன்னலுக்குக் கெட்டியான போர்வையைத் தொங்கவிடுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். இதை உதவி மாதிரி கேட்க வேண்டாம். மருந்துச் சீட்டில் எழுதியது போல ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். இன்னொன்றும் செய்யலாம். வந்ததும் நேராகச் சமையலறைக்குள் போகாதீர்கள். குளித்து, உடை மாற்றி, பத்து நிமிடம் யாரோடும் பேசாமல் உட்காருங்கள். அந்தப் பத்து நிமிடம் இருந்திருந்தால் பால் கொட்டியபோது வேறு மாதிரி நடந்திருக்கும்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? இன்னும் இல்லை என்றால் கேளுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம், குழந்தைகளுக்கு நினைவிருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "அன்னைக்கு அம்மா ரொம்ப களைப்பா இருந்தேன். பால் கொட்டினது தப்பில்ல. அடிச்சதுதான் தப்பு." ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டி இறந்துபோனார், அம்மாவுக்கு வருத்தமாக இருந்தது என்றும் சொல்லலாம். 5 வயதுக்குப் புரியும்.

பாட்டியின் மகன் கத்தியது உங்களுக்குள் இன்னும் இருக்கிறது. அந்த வசனத்தை அப்படியே எழுதியிருக்கிறீர்களே. 19 நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பில்லையும் கண்ணாடிக் கதவையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவரின் கோபம் அது. டாக்டர் மேல் காட்ட முடியாது, மேனேஜ்மென்ட் எதிரில் இல்லை, எதிரில் நின்றவர் நீங்கள். அதற்காக அதைத் தாங்கிக்கொள்வது உங்கள் கடமை ஆகிவிடாது. அப்படிப்பட்ட நேரத்தில் தனியாக நிற்காதீர்கள். செக்யூரிட்டியையும் டியூட்டி டாக்டரையும் கூப்பிட்ட பிறகே பேசுங்கள். கைநீட்டினால் 2008-ல் தமிழ்நாடு கொண்டுவந்த மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் நர்ஸுகளுக்கும் பொருந்தும். புகார் கொடுக்க வேண்டாம் என்று மேலிடம் சமாதானம் செய்தாலும், நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி இன்சார்ஜிடம் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு நன்றாகத் தூங்கினாலும், வென்டிலேட்டரில் இருக்கும் 3 பேரை ஒருத்தி பார்ப்பது தவறு. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நர்ஸ் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் அந்த விதிகள் 2004 முதல் அமலில் உள்ளன. லிண்டா எய்க்கன் என்ற நர்ஸிங் பேராசிரியை பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கணக்கு எல்லா மேனேஜ்மென்ட்டும் படிக்க வேண்டியது. அறுவை சிகிச்சை வார்டுகளில் ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், அந்த நர்ஸ் மனம் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுகிறது. உங்கள் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருகின்றன. இதை நீங்கள் குற்ற உணர்வோடு சுமக்கக் கூடாது. ஆள் போட வேண்டியவர்கள் சுமக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். "அந்தப் பொண்ணு பிரச்சினை பண்றா" என்று ஆகிவிடும். ஐ.சி.யூ.வில் உங்களைப் போலவே நினைக்கும் மூன்று நான்கு பேர் சேருங்கள். ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு டியூட்டியிலும் எத்தனை வென்டிலேட்டர், எத்தனை நர்ஸ், எந்த மருந்து எவ்வளவு தாமதம், எத்தனை முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க முடியாமல் போனது என்று குறித்து வையுங்கள். புலம்பலைக் கேட்காத நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட்கூட, கையில் எண்ணோடு வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணோடு வந்தவர்களுக்காகத்தான் என்னாலேயே மேலிடத்தில் பேச முடிந்தது.

சம்பளம் பற்றி நீங்கள் எழுதவில்லை. பணத்துக்காக டபுள் டியூட்டி எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு மாதம் அதை நிறுத்துங்கள். உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இன்றும் அதைக் கொடுக்காத இடங்கள் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பள்ளத்தை உங்கள் தூக்கத்தைப் போட்டு நிரப்ப முடியாது.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன்அவுட்' எனப்படும் இந்த ஓய்ந்துபோன நிலையை மூன்று அடையாளங்களோடு விளக்கியது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நான் செய்வதில் பயன் இல்லை என்று தோன்றுவது. இதை நோய் என்று அது சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் தேங்கும் அழுத்தத்தின் விளைவு என்றது. முதல் இரண்டும் உங்களிடம் தெரிகின்றன. மூன்றாவது இன்னும் முழுதாக வரவில்லை என்று அந்தப் பின்னல் எனக்குச் சொல்கிறது. அதனால் இப்போதே முடிவெடுக்காதீர்கள். முக்கியமாக, நைட் முடித்த காலையில் எடுக்காதீர்கள். முதலில் பத்து நாளாவது சேர்ந்தாற்போல லீவ் எடுங்கள். திரும்பியதும் ஆறு மாதத்துக்கு டயாலிசிஸ், ஓ.பி., எண்டோஸ்கோபி என்று பகல் வேலை உள்ள பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவர்களை டயாலிசிஸில் விரும்பி எடுப்பார்கள். மாற்றிய பிறகும் படபடப்பு குறையவில்லை, மருத்துவமனை வாசலைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருக்கிறது என்றால் அப்போது விடுவது சரி. அதில் தோல்வி எதுவும் இல்லை. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், சம்பளத்துக்காகப் போங்கள். இந்தக் களைப்பிலிருந்து தப்பிக்கப் போனால், மொழியும் புதிது, நைட்டும் அதே நைட் என்று ஆகிவிடும். முதலில் இங்கே கொஞ்சம் தேறிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. லீவ் நாட்களிலும் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் அது வேறு. உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே பார்க்கக் கூச்சமாக இருந்தால் வேறு இடத்துக்குப் போங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். காசு கிடையாது, உங்கள் மருத்துவமனைக்குத் தெரியவும் போவதில்லை. வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல நர்ஸுகள் சிலர் அந்த வழியில் போய்த் திரும்ப முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்த ரோஸ்டர் போடும் முன்பே இன்சார்ஜிடம் லீவ் பற்றிப் பேசிவிடுங்கள். போட்ட பிறகு மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். லீவ் முடிந்து முதல் டியூட்டி போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். மகளிடம் பேசியதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.